மேட்டுக்காரி கேட்ட பங்கு

சரிவில் வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் மேட்டுக்காரி என்ற பட்டம் அவள் ஒருத்திக்குத்தான் ஒட்டிக்கொண்டது. காரணம் அவள் வாய்தான். யார் எதைப் பற்றிப் பேசினாலும், "எங்க மேட்டுல அதெல்லாம் ஏது" என்று ஆரம்பிப்பாள். நேற்று நல்ல மழை என்று யாராவது சொன்னால், "எங்க மேட்டுல வெறும் காத்துதான்" என்பாள். முட்டைக்கோஸ் இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது என்றால், "எங்க மேட்டுல புழுதான் நல்லா வருது" என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

மேடு என்று ஒன்று இருந்தால் பள்ளம் என்று ஒன்று வேண்டுமே. அவளுக்குப் பள்ளம் என்றால் ஒரே ஓர் இடம்தான். ஆற்றை ஒட்டி, கறுத்த மண்ணோடு, கண்ணுக்குக் குளுகுளுவென்று கிடந்த அவளுடைய ஓரகத்தியின் நிலம். கணவருடைய தம்பியின் மனைவி அவள். வீட்டுக்கு இளைய மருமகள் என்பதால் எல்லோருக்கும் சின்னவள்.

மாமனார் இருந்தவரை சரிவின் உச்சியிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் ஒரே நிலம்தான். அவர் போன பிறகு மகன்கள் இருவரும் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவருக்கு மேல் பாதி விழுந்தது. இளையவருக்குக் கீழ் பாதி. சண்டை சச்சரவு இல்லாமல் பங்கு பிரிந்ததே என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். மேட்டுக்காரியும் அன்று சரி என்று தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்காக அவள் பிற்பாடு தன்னைத்தானே திட்டிக்கொண்டதற்குக் கணக்கு வழக்கே கிடையாது.

புது வீடு கட்டும்போது சமையலறை அடுப்பை எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அவள்தான் கீழே பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்கச் சொன்னாள். வெளிச்சம் வேண்டுமாம். அந்த வெளிச்சத்தில் சின்னவளின் முற்றம் முழுக்கத் தெரியும். கொடியில் என்ன துணி காய்கிறது, கொட்டகையில் எந்த மாடு கன்று போட்டிருக்கிறது, வாசலில் யாருடைய வண்டி நிற்கிறது என்பதெல்லாம் காலைப் பால் காய்வதற்குள் அவளுக்கு அத்துப்படி. பல நாள் அந்தப் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள்.

சின்னவள் அப்படி ஒன்றும் கெட்டவள் இல்லை. அதுதான் மேட்டுக்காரிக்குப் பெரிய சங்கடம். திட்டுவதற்குத் தோதாக எதையும் அவள் செய்து தொலைக்கவில்லை. காலம் தவறி விதைத்தாலும் அவளுக்கு முளைக்கும். அவள் மாடு பின்னால் பால் தரப்போகிற கிடாரிக் கன்றாகவே போடும். எல்லாவற்றுக்கும் மேல் அவளுடைய சிரிப்பு. அவள் முற்றத்தில் நின்று சிரித்தால் சரிவேறி வந்து மேட்டுக்காரியின் அடுப்படியில் கேட்கும். நிலத்தைப் பார்த்து வந்த வயிற்றெரிச்சலையாவது வேலை மும்முரத்தில் மறந்துவிடலாம். அந்தச் சிரிப்பை மறக்க முடியாது.

மேட்டுக்காரியின் கணவர் அதிகம் பேசாதவர். காது நன்றாகக் கேட்டாலும் கேட்காத மாதிரி இருப்பதில் கைதேர்ந்தவர். அவர் தம்பியும் அதே ரகம். அண்ணனும் தம்பியும் வாரத்தில் ஒரு நாள் வேலியோரம் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "வரும்போல இருக்கே" என்று ஒருவரும் "பாப்போம்" என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டு பிரிந்துவிடுவார்கள். அதோடு அவர்கள் உறவு சுமுகமாக இருந்தது.

இதற்கிடையில் ஆறு கெட்டுக்கொண்டே வந்தது. மழை பெய்தால் செங்கல்லைக் கரைத்து ஊற்றியது போலச் சிவந்து ஓடும். மழை நின்று கொஞ்ச நாளில் ஓட்டம் அறுந்து, அங்கங்கே குட்டையாகத் தேங்கிக் கிடக்கும். கரை சரிந்து விழுந்துகொண்டிருந்தது. சரிவில் ஒவ்வொரு மழையும் ஓடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி ஆளை விழுங்கும் பள்ளமாக ஆக்கியிருந்தது. கடைசியில் மக்காச்சோள மில் வைத்திருந்தவர் முன்னின்று, மேலும் கீழுமாக அந்த ஆற்றை நம்பி இருந்த விவசாயிகள் எல்லோரையும் தன் கிடங்கில் கூட்டினார். மண் அரிப்பைக் கவனிக்கிற அரசாங்க ஆபீசிலிருந்து ஓர் அம்மாவும் வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதில் பல இடத்துச் சேறு. மூட்டைகளின் மேலும் மாவு படிந்த பெஞ்சுகளின் மேலுமாக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஆபீசர் அம்மா பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆற்றில் பிடித்து வந்த ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரை மேஜையில் வைத்தார். பேசி முடித்தபோது தண்ணீர் தெளிந்து, பாட்டிலின் அடியில் சிவப்பாக மண் தங்கியிருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"மேலேருந்து" என்றார் வாத்து வளர்ப்பவர். அவர் ஆற்றங்கரைக்காரர்.

எல்லாத் தலையும் சரிவுக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியது. மேட்டுக்காரி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியாததா? தினமும் காலில் ஒட்டி வீட்டுக்குள் வருகிற சிவப்பு. அவள் கூட்டிக் கூட்டி வாசலில் தள்ளுகிற சிவப்பு.

"இந்த மண்ணு போற வழியில எங்கேயாவது தங்குமா?" என்று கேட்டாள்.

"தங்கும்மா. வெள்ளம் ஏறி இறங்கும்போது ஆத்தோர நிலத்துல கொஞ்சம் படியும். மிச்சமெல்லாம் கடலுக்குப் போயிடும்."

கடலுக்குப் போகிற மிச்சம் அவள் காதில் ஏறவே இல்லை. ஆத்தோர நிலத்தில் படிகிறது என்பதோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்படியானால் இத்தனை வருஷமாக ஒவ்வொரு மழையும் இவள் நிலத்தின் மேல்தோலை உரித்துக்கொண்டு போய் யாருக்கோ போட்டிருக்கிறது. யாருக்கோ என்ன, சின்னவளுக்குத்தான். கீழே போய்க் கறுத்துக் கிடந்தாலும் அந்த மண் பாதி இவளுடையது. அந்த முட்டைக்கோஸ் விளைவது இவள் வீட்டுச் சொத்தில். பெஞ்சின் மறுகோடியில் சின்னவள் யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசர் அம்மா சொன்ன வேலைகள் சின்ன வேலைகள் இல்லை. சரிவில் மேலிருந்து கீழாக உழுவதை விட்டுக் குறுக்காக உழ வேண்டும். வயலுக்கு வயல் இடையில் ஒரு பட்டை நிலத்தை உழாமல் புல்லுக்கு விட வேண்டும். ஓடையில் கல் தடுப்புகள் கட்ட வேண்டும். உச்சியில் மரம் நட வேண்டும். கீழே இருப்பவர்கள் ஆற்றங்கரைக்கு வேலி போட்டு மாடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாகச் செய்தால் நடக்காது. எல்லோரும் சேர்ந்து, இன்று ஒருவர் நிலம் நாளை இன்னொருவர் நிலம் என்று முறை வைத்துச் செய்ய வேண்டும்.

முதல் ஆளாக மேட்டுக்காரி எழுந்து, "நாங்க வர்றோம்" என்றாள். அவள் கணவர், பக்கத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிட்டது போல அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் வேலை செய்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். கல் கட்டுவது அவளுக்குச் சொல்லிக் கொடுத்துத் தெரிந்த வேலை இல்லை. ஆனால் பிடிபட்டுவிட்டது. எந்தக் கல்லுக்கு வயிறு எது முதுகு எது என்று பார்த்ததும் சொல்வாள். தட்டையான பக்கம் கீழே, நீளமான வால் சரிவுக்குள்ளே, இடுக்கில் சின்னக் கல், அதன் மேல் அடுத்த கல்லின் பாரம். ஒருமுறை வைத்த கல்லைத் திரும்ப அசைக்க வேண்டியிருக்காது. கல்லை இறுக்கும்போது, "ஒரு பிடி மண்ணு கீழே போகக்கூடாது, ஒரு பிடி மண்ணு போகக்கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். கூட வேலை செய்தவர்கள் அதை ஆற்றின் மேல் இருக்கும் பக்தி என்று நினைத்தார்கள்.

"அந்தம்மாவுக்கு இருக்கிற அக்கறையில கால்வாசி நமக்கு இருந்தா ஆறு என்னிக்கோ பொழைச்சிருக்கும்" என்றார் மில்லுக்காரர் ஒரு கூட்டத்தில். மேட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

முறை வேலைக்குச் சின்னவளும் மேலே ஏறி வருவாள். கல் கட்ட அவளுக்குச் சுத்தமாக வராது. வைத்த கல் உருளும், உருண்ட கல்லைப் பார்த்து அவளே சிரிப்பாள். ஆனால் கல்லைக் கைமாற்ற வரிசையாக நிற்கும்போது எல்லோரும் அவள் பக்கத்து இடத்துக்குத்தான் அடித்துப்பிடித்துக்கொண்டு வருவார்கள். பேச்சும் கேலியுமாக நேரம் போவதே தெரியாதாம். மேட்டுக்காரி வரிசையின் மேல் முனையில் தனியாக நின்று கல்லை வாங்கி வைத்துக்கொண்டிருப்பாள். சுவர் நிற்பது தன் கையால், பேர் வாங்குவது அவள் வாயால் என்று உள்ளுக்குள் பொருமுவாள்.

இரண்டு மூன்று மழைக்காலம் போனது. ஓடையில் தடுப்புக்குப் பின்னால் மண் தங்கி, பள்ளம் படிப்படியாக மேடானது. ஆற்றில் சிவப்பு குறைந்தது. மேட்டுக்காரி மழை விட்டதும் ஓடி வந்து ஓடைத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்ப்பாள். தெளிவாக இருந்தால் அன்று முழுக்க அவளுக்கு ஒரு தெம்பு. இனி ஒரு மண்ணும் கிடைக்காது, பார்ப்போம் எப்படி முட்டைக்கோஸ் போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தத் தெம்பு நிலைக்கவில்லை. ஒரு காலை அடுப்படியில் நின்றபடி பார்த்தபோது சின்னவளின் நிலத்துத் தலைமாட்டில், சரிவு வந்து முடிகிற பாறை அருகே, பத்துப் பேர் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் செய்தி மேலே வந்துவிட்டது. மாமியார் காலத்திலேயே வற்றிப்போன ஊற்று திரும்பி வந்திருக்கிறது. முதலில் ஈரம்தான் தெரிந்தது. பிறகு கசிந்தது. கொஞ்ச நாளில் விரல் தடிமனுக்கு ஓட ஆரம்பித்தது. கோடையிலும் நிற்கவில்லை.

ஆபீசர் அம்மா வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து காட்டினார். "மேலே ஓடையில தண்ணியை நிறுத்தினாங்க இல்லையா, அது மண்ணுக்குள்ள இறங்கி இங்கே வருது" என்று விளக்கினார். ஊற்றுக்குப் பக்கத்தில் சின்னவளை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. மில்லுக்காரர் அதைச் சட்டம் போட்டுத் தராசுக்கு மேலே மாட்டினார். படத்தில் சின்னவள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தூரத்தில், கடுகளவுக்கு, மேட்டுக்காரியின் வீட்டுக் கூரை தெரிந்தது.

மண்ணை நிறுத்தக் கட்டிய சுவர் தண்ணீரைக் கொண்டுபோய் அவள் வாசலில் ஊற்றுகிறது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"நான் கல்லு தூக்கறேன், அவ தண்ணி பாய்ச்சறா" என்றாள் கணவரிடம்.

"ஆறு எல்லாருக்கும்தானே."

"ஆறு எல்லாருக்கும். ஊத்து அவளுக்கு."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புல்லுக்கு விட்ட பட்டையில் முன்பெல்லாம் மக்காச்சோளம் நின்றது. மேலே கிணறு கோடையில் இன்னும் வறண்டுதான் கிடந்தது. கேனில் தண்ணீர் சுமந்துதான் மாட்டுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சின்னவள் ஒரு நாள் வேலியோரம் வந்து, "அக்கா, எதுக்கு ஆத்துக்குப் போறீங்க? நம்ம ஊத்துல எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கோங்க" என்றாள். அன்றிலிருந்து மேட்டுக்காரி இன்னும் சுற்றி, பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்த் தண்ணீர் எடுத்தாள்.

ஒரு சந்தை நாளில், சரிவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடையின் உச்சித் தடுப்புக்குப் போனாள். தண்ணீர் நிற்காமல் ஓடிப்போனால் ஊற்றும் அடங்கிவிடும் என்பது அவள் கணக்கு. ஆனால் அவள் கட்டிய சுவர் அவளுக்கே வழிவிடவில்லை. கடப்பாரையை எங்கே குத்தினாலும் கல் கல்லைப் பிடித்துக்கொண்டது. வேர்த்து விறுவிறுத்து, கை தோல் உரிந்து, நடுவில் மேல் வரிசைகளை மட்டும் ஒருவழியாகப் பிரித்தாள். எடுத்த கல்லைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை. கை தன் பழக்கத்துக்குப் பெரிய கல்லை ஒரு பக்கமும் சின்னக் கல்லை ஒரு பக்கமுமாக மேல் கரையில் அடுக்கி வைத்தது.

சாயங்காலம் பெய்த மழை சாதாரண மழை இல்லை. ஓடைத் தண்ணீர் முழுக்க அந்த ஒரு வாய் வழியாகப் பாய்ந்து, பக்கத்துக் கரையை அறுத்து, அடுத்த தடுப்பையும் புரட்டிக்கொண்டு வெளியே வந்தது. வந்தது அவளுடைய மக்காச்சோளத்துக்குள். கதிர் பிடித்து நின்ற பயிரின் நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பள்ளம் பறித்துக்கொண்டு, சிவப்புக் குழம்பாகக் கீழே இறங்கிப் போய் ஊற்றையும் மூடியது. அவள் ஜன்னலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிலத்து மண் அவள் கண்ணெதிரே கீழே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கூப்பிடாமலேயே எல்லோரும் மண்வெட்டியும் கூடையுமாக வந்துவிட்டார்கள். "மனசை விடாதீங்கம்மா, மழை அப்படி" என்றார் மில்லுக்காரர். வாத்துக்காரர் அவள் பயிரைப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஆபீசர் அம்மா வந்து, "தப்பு என்னோடதுதான். உச்சித் தடுப்பை நான் இன்னும் அகலமா குறிச்சிருக்கணும்" என்றார். மேட்டுக்காரிக்கு அங்கேயே அந்தப் பள்ளத்தில் இறங்கி மண்ணைப் போட்டு மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

சின்னவள் கடைசியாக ஏறி வந்தாள். ஊற்றைத் தோண்டிவிட்டு வந்ததால் இடுப்பு வரை சேறு. மற்றவர்கள் கீழ்த் தடுப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருக்க, அவள் நேராக உச்சிக்கு வந்தாள். மேல் கரையில் அடுக்கியிருந்த கல்லைப் பார்த்தாள்.

"அக்கா."

"என்ன?"

"மழை கல்லைக் கீழே உருட்டும். மேலே தூக்கி அடுக்கி வைக்குமா?"

மேட்டுக்காரி குனிந்து ஒரு கல்லைக் கையில் எடுத்தாள்.

"பெரிசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். இந்தச் சரிவுல இப்படி அடுக்கறது ஒரே ஒரு ஆள்தான்."

"போய்ச் சொல்லு. எல்லாரும் இங்கேதான் இருக்காங்க."

சின்னவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து காலில் இருந்த சேற்றை வழித்தாள். "சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. உங்க அடுப்படி ஜன்னல் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நீங்க அங்கே நிக்கறது தெரிஞ்சுதான் நான் வாசல்ல வந்து சத்தமா சிரிப்பேன். புதுப் போர்வை வாங்கினா உங்க பக்கம் பாத்த கொடியிலதான் முதல்ல காயப்போடுவேன். நீங்க உள்ளுக்குள்ள வேகறது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இத்தனை வருஷமா அது எனக்கு ஒரு ருசி."

மேட்டுக்காரிக்கு முகம் சிவந்தது. தன் வயிற்றெரிச்சலைத் தன் வீட்டுக்காரருக்குக்கூட முழுசாகக் காட்டாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அதை ஒருத்தி தினம் தின்பண்டம் போல நொறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அப்போ ஊத்துல வந்து எடுத்துக்கோங்கன்னு சொன்னது?"

"அதுவும் அதுக்குத்தான்."

"உன்னை நல்லவ நல்லவன்னு எல்லாரும் சொல்றாங்க."

"உங்களையும்தான் சொல்றாங்க."

மேட்டுக்காரிக்கு வந்த கோபம் பாதியில் எங்கோ போய்விட்டது. கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தாள். "கால்ல அட்டை இருக்கு பாரு" என்றாள். சின்னவள் அதைப் பிய்த்து எறிந்தாள்.

"தண்ணி வேணும்னா கேளுங்கக்கா. உரிமையா கேளுங்க, நானும் உரிமையா சண்டை போடறேன். இப்படி உடைச்சு வச்சீங்கன்னா நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடறது?"

அன்று இரண்டு பேரும் அந்தத் தடுப்பைத் திரும்பக் கட்டினார்கள். சின்னவள் கல் எடுத்துக் கொடுத்தாள். மேட்டுக்காரி வைத்தாள்.

அடுத்த கூட்டத்தில் மில்லுக்காரர் வழக்கம்போல மரக்கன்று, வேலி என்று பேசி முடித்ததும் மேட்டுக்காரி எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மேலே இருக்கறவங்க பட்டை நிலத்தை விட்டோம். கல்லுக்கு இடம் விட்டோம். அதனால கீழே ஊத்து வந்திருக்கு. கரைக் கிணறெல்லாம் ஊறியிருக்கு. எங்க கிணறு அப்படியே கிடக்குது. கீழே வர்ற தண்ணியில மேலே இருக்கறவங்களுக்குப் பங்கு வேணும்."

வாத்துக்காரர் சிரித்தார். "ஆத்துக்குப் பண்றோம்னு ஆரம்பிச்சது இப்போ பங்குக்கு வந்து நிக்குதா? இதெல்லாம் பொறாமையில வர்ற பேச்சும்மா."

"பொறாமைதான். நான் இல்லேன்னு சொன்னேனா?" என்றாள் மேட்டுக்காரி. "பொறாமைக்காரி கூட்டினா ரெண்டும் ரெண்டும் அஞ்சாயிடுமா?"

பின் மூட்டையில் சாய்ந்திருந்த உருளைக்கிழங்குக்காரர், ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவர், தொண்டையைச் செருமினார். "எனக்கும் அது இருக்குங்க. சொன்னா அசிங்கம்னு பேசாம இருந்தேன். வர்ற விதைப்புக்குப் பட்டையை உழுதுடலாம்னுகூட நினைச்சேன்." சரிவுக்காரர்கள் இன்னும் சிலர், தாங்களும் அப்படித்தான் நினைத்தோம் என்று தலையைச் சொறிந்தார்கள்.

ஆபீசர் அம்மா, "வேற ரெண்டு ஓடையில இப்படித்தான் ஆச்சு" என்றார். "மேலே இருந்தவங்க ஒண்ணும் கேக்கலை. சத்தமில்லாம உழுதுட்டாங்க. எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. இவங்க கேட்டது நல்லதுக்குத்தான்."

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். பெரிய மனசோடு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் சிரிக்காமல் எழுந்தாள்.

"தண்ணி தரலாம். சும்மா தர முடியாது. கரைக்கு வேலி போட்டதுல என் மாட்டுக்கு மேய்ச்சல் போச்சு. அதை யாரும் பேசலை. அக்கா ஜன்னல்லேருந்து எல்லாத்தையும் பாப்பாங்க, அதை மட்டும் பாக்கலை. மேலே பட்டையில விளையற புல்லு எனக்கு வேணும். புல்லு வந்தா தண்ணி ஏறும்."

உண்மையிலேயே மேட்டுக்காரி அதைப் பார்த்திருக்கவில்லை. சின்னவள் எதையாவது இழந்திருப்பாள் என்று தேடிப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

இரண்டு பேரும் அங்கேயே நின்று பேரம் பேசினார்கள். எத்தனை கட்டுப் புல், எந்த மாதத்தில், தண்ணீர் காலையிலா மாலையிலா, தண்ணீரை ஏற்ற வைக்கும் மோட்டார் பழுதானால் யார் பொறுப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் புகுந்து சமாதானம் சொல்லப் போன மில்லுக்காரரை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வைத்தார்கள். அண்ணனும் தம்பியும் வெளியே போய் வானத்தைப் பார்த்தார்கள்.

முடிவில் ஒரு வழக்கம் உருவானது. கீழே ஊறுகிற தண்ணீரில் ஒரு பங்கு மேலே ஏறும், மேலே அறுக்கிற புல்லில் ஒரு பங்கு கீழே இறங்கும். மற்ற ஓடைக்காரர்களும் அதையே வைத்துக்கொண்டார்கள். சரிவின் நடுவில் ஒரு தொட்டி கட்டி, சின்ன மோட்டார் வைத்து ஏற்றினார்கள். அதற்கு அடுத்து வந்த கடும் கோடையில் ஆறு மெலிந்து ஓடியதே தவிர அறுந்துபோகவில்லை. மேட்டில் முதல் தடவையாகக் கோடை முட்டைக்கோஸ் விளைந்தது. சின்னவளுடையதை விடக் கொஞ்சம் சிறியதுதான். மேட்டுக்காரி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் இதைச் சொன்னாள். முறை நாளில் மோட்டார் கொஞ்சம் தாமதமானாலும் சரிவில் நின்று கத்துவாள். புல்லுக்கட்டு மெலிந்திருந்தால் சின்னவள் கீழே நின்று கத்துவாள். அந்தச் சண்டை கேட்காத நாளில் அண்ணனும் தம்பியும் என்னவோ ஏதோ என்று விசாரிப்பார்கள்.

போன வருஷம் ஆபீசர் அம்மா அவர்கள் இரண்டு பேரையும் மலைக்கு அந்தப் பக்கம் இன்னோர் ஆற்றுக்காரர்களிடம் பேசக் கூட்டிப்போனார். சின்னவள் அழகாகப் பேசினாள். அக்காவின் வயிற்றெரிச்சலையும் தன் வீம்பையும் சொல்லி நடுநடுவே சிரிக்க வைத்தாள். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. மேட்டுக்காரியைப் பேசச் சொன்னபோது அவள் எழுந்து, "சுவர் எப்படிக் கட்டறதுன்னு ஓடையில வந்து காட்டறேன். அதுக்கு முன்னாடி தண்ணி யாருக்கு வரும்னு இப்பவே பேசிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே மேல் பக்கத்துக்கும் கீழ் பக்கத்துக்கும் வாக்குவாதம் தொடங்கிச் சாப்பாட்டு நேரம் வரை நீண்டது.

கிளம்பும்போது சின்னவளைச் சுற்றி ஒரே கூட்டம். மேட்டுக்காரியிடம் ஒரே ஒரு பெண் வந்தாள். பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். கையெல்லாம் காய்ப்பு.

"ஒண்ணு கேக்கலாமாக்கா? அது உங்களுக்கு இப்போ போயிடுச்சா?"

"எது?"

அந்தப் பெண் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

மேட்டுக்காரி தாங்கள் வந்த வேனைப் பார்த்தாள். சின்னவள் அதற்குள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"போகலை. அப்படியேதான் இருக்கு" என்றாள். "உன் நிலம் எந்தப் பக்கம்?"

"மேல."

"ஓடை இருக்கா?"

"இருக்குக்கா. பெரிய பள்ளமாயிடுச்சு."

"காட்டு, வா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏற ஆரம்பித்தாள். கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போகிற வழியில் கிடந்த கல்லையெல்லாம் காலால் புரட்டி, எது தேறும் எது தேறாது என்று சொல்லிக்கொண்டே போனாள்.